சாவுக்குக் காரணம் ‘காலரா’ன்னு மட்டும் எழுதாதீங்க

1/ விம்கோ நகர்ல கிளினிக் வெச்சிருக்கேன். சுகர், பிரஷர்னு வர்ற எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வி ஒண்ணு உண்டு: “அப்பா அம்மா இருக்காங்களா? எதனால இறந்தாங்க?” ஹார்ட் அட்டாக், பக்கவாதம், வயசாயிடுச்சி, இப்படித்தான் பதில் வரும். 88 வயசு ஆயா ஒருத்தங்க சொன்ன பதிலை மட்டும் என்னால கேஸ் ஷீட்ல எழுத முடியல. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ “எங்க நைனா சயாமுக்கு ரயிலு போடப் போனாரு கண்ணு. அங்கியே பூட்டாரு.” எப்போ ஆயா? “தெர்ல.” எப்படி இறந்தாரு? “காலரான்னு சொல்லிக்கினாங்க. யாரு கண்டா?”
(அவங்க சம்மதத்தோட எழுதறேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

3/ ஆயா பொறந்தது மலேயாவுல, பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்துல. தம்பி வயித்துல இருக்கும்போது அம்மா ஊருக்குக் கப்பல் ஏறிட்டாங்க. நைனா அங்கேயே தங்கிட்டார். மாசம் தவறாம பணம் வந்துட்டிருந்தது. 1941 டிசம்பரோட பணமும் நின்னுது, கடுதாசியும் நின்னுது. போர் முடிஞ்சு ஊர்க்காரர் ஒருத்தர் திரும்பி வந்து சொன்னது ரெண்டே வரி: “சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க. திரும்பி வரல.”

4/ இன்னிக்கு வரைக்கும் திதி தெரியாது. அதனால வருஷா வருஷம் மகாளய அமாவாசையில இலை போடறாங்க. இறந்த நாள் தெரியாதவங்களுக்கெல்லாம் பொதுவா இருக்கற நாள் அது. 80 வருஷத்துக்கு மேல ஒரு குடும்பம் இப்படிக் கும்பிட்டுட்டிருக்கு.

5/ இதைப் பத்திப் பேசினா உடனே ஒரு பதில் வரும்: “போர்னா நாலு பேர் சாகத்தான் செய்வாங்க. அங்க செத்தவங்க காலராவுலயும் மலேரியாவுலயும் செத்தாங்க. ஜப்பான்காரனா சுட்டான்?” படிச்சவங்களே இதைச் சொல்றாங்க. வரலாற்றுக்காரங்க அவங்க வழியில பதில் சொல்லட்டும். நான் டாக்டர். சாவுச் சான்றிதழ் எழுதற ஆள். என் வழியில பதில் சொல்றேன்.

6/ முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு. சயாம்–பர்மா ரயில் பாதை, தாய்லாந்துல பான் போங் பக்கத்துல இருந்து பர்மாவுல தான்பியூசயாட் வரைக்கும் 415 கி.மீ. காடு, மலை, ஆறு. 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல ரெண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் சேர்த்துட்டாங்க. பர்மாவுல இருந்த ஜப்பான் படைக்குச் சாமான் அனுப்பவும், அங்கிருந்து இந்தியா மேல பாயவும் போட்ட பாதை.

7/ வேலை செஞ்சவங்க ரெண்டு வகை. ஒண்ணு, பிரிட்டன், ஆஸ்திரேலியா, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள், 60,000 பேருக்கு மேல. அவங்கள்ல 12,000 பேருக்கு மேல செத்தாங்க. அதாவது அஞ்சுல ஒருத்தர்.
இன்னொண்ணு, ஆசியத் தொழிலாளிகள். மலேயா, பர்மா, ஜாவா எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சம் அளவுல. மலேயாவுல இருந்து மட்டும் முக்கால் லட்சம் வரும். அதுல பெரும்பகுதி நம்ம தோட்டத் தமிழர்கள்.

8/ ஆசியத் தொழிலாளிகள்ல செத்தவங்க? 90,000-ன்னு ஒரு மதிப்பீடு சொல்றாங்க. அதுக்கு மேலயும் சொல்றாங்க. கிட்டத்தட்ட ரெண்டுல ஒருத்தர். கவனிங்க: கைதிகளுக்கு எண்ணிக்கை இருக்கு, நம்மாளுக்கு ‘மதிப்பீடு’ இருக்கு. அதே காடு, அதே மழை, அதே கொசு, அதே கிருமி. காலராதான் கொன்னுதுன்னா ஒரு பக்கம் அஞ்சுல ஒண்ணு, இன்னொரு பக்கம் ரெண்டுல ஒண்ணு எப்படி வந்தது? கிருமிக்குப் பாஸ்போர்ட் பார்க்கத் தெரியுமா?

9/ எப்படிக் கூட்டிட்டுப் போனாங்க? போர்ல ரப்பர் ஏற்றுமதி நின்னதும் தோட்டத்துல வேலையும் இல்ல, அரிசியும் இல்ல. “மூணு மாசம்தான், நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம்”னு ஆசை காட்டினாங்க. போனவன் எவனும் திரும்பி வரலன்னு தெரிஞ்சதும் ஆள் கிடைக்கல. அப்புறம் பிடிக்க ஆரம்பிச்சாங்க. ஓசியில சினிமா காட்டறோம்னு கூட்டி, கதவைச் சாத்தி, அப்படியே லாரியில ஏத்தினாங்க. அங்கிருந்து கூட்ஸ் வண்டியில நாள் கணக்கா பான் போங் வரைக்கும். அப்புறம் காட்டுக்குள்ள நடை.

10/ இப்ப மருத்துவத்துக்கு வரேன். அந்தப் பாதையில ஆளைச் சாய்ச்சதுல முக்கியமான மூணை மட்டும் எடுத்துக்கறேன்: பெரிபெரி, மலேரியா, காலரா. மூணுக்கும் 1943-ல வழி தெரியும். அந்த வழி யார் கையில இருந்ததுன்னு பார்ப்போம்.

11/ பெரிபெரி. பி1 சத்து இல்லாம வர்ற நோய். கால் வீங்கும், நரம்பு செத்துப்போகும், கடைசியில இதயம் நிக்கும். தீட்டின வெள்ளை அரிசியை மட்டும் தின்னா வரும். இதைச் சாப்பாட்டை மாத்தியே தடுக்கலாம்னு பெரிய அளவுல செஞ்சு காட்டினவர் யார் தெரியுமா? ஒரு ஜப்பானிய டாக்டர். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ.

12/ 1883-ல நீண்ட பயணம் போய் வந்த ரியூஜோ கப்பல்ல 376 பேர்ல 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் சாவு. அடுத்த வருஷம் அதே மாதிரி ஒரு பயணத்துக்குச் சுகுபா கப்பலை, சாப்பாட்டை மாத்தி அனுப்பினார் தகாகி. பெரிபெரியால ஒரு சாவுகூட இல்ல. ஜப்பான் தரைப்படை இந்தப் பாடத்தை ஏத்துக்காம 1904–05 ருஷ்யப் போர்ல ஆயிரக்கணக்கான சொந்த வீரர்களை இதே நோய்க்குக் கொடுத்தது. அதாவது, இதோட விலையை அந்த ராணுவத்தை விட நல்லா தெரிஞ்ச ராணுவம் உலகத்துல இல்ல.

13/ இன்னொரு கொடுமை சொல்றேன். 1900-களோட தொடக்கத்துல மலேயாவுல டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. பச்சரிசி தின்ன சீனத் தொழிலாளிக்குப் பெரிபெரி வருது, தமிழ்த் தொழிலாளிக்கு அவ்வளவா வரல. ஏன்? நம்மாளு தின்னது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டுல இருக்கற சத்து அரிசிக்குள்ள இறங்கிடும். கோலாலம்பூர் மனநல விடுதியில வில்லியம் ஃப்ளெட்சர் 1905-ல சோதிச்சே பார்த்தார். எந்த ஜனத்தோட சோறு பெரிபெரிக்குத் தடுப்புன்னு மருத்துவ உலகத்துக்குக் காட்டுச்சோ, அதே ஜனத்தைத்தான் வெள்ளை அரிசியும் உப்புக் கருவாடும் கொடுத்துக் காலை வீங்க வெச்சாங்க.

14/ மலேரியா. அன்னிக்கு மருந்து குயினைன். உலகத்துக் குயினைன் பட்டையில 90 சதவீதத்துக்கு மேல விளைஞ்சது ஜாவாவுல. ஜாவா 1942 மார்ச்ல யார் கைக்குப் போச்சு? ஜப்பான் கைக்கு. நேச நாட்டுப் படைகளே குயினைன் இல்லாம மாற்று மருந்து தேடி அலைஞ்ச நேரம். உலகத்தோட மருந்துக் கிடங்கையே கையில வெச்சிருந்தவன் ‘மலேரியாவுல செத்தாங்க’ன்னு கணக்குக் காட்டறான். இதை எந்த டாக்டர் ஒத்துக்குவான்?

15/ காலரா. 1943 மே, மழை ஆரம்பம். ஜப்பான்காரன் ‘ஸ்பீடோ, ஸ்பீடோ’ன்னு விரட்டிட்டிருந்த காலம். பர்மா எல்லைப் பக்கம் கிளம்பின காலரா முகாம் முகாமா இறங்குச்சு. காலராவுல ஒருத்தர் ஒரு நாள்ல 10 லிட்டருக்கு மேலகூட தண்ணியை இழக்கலாம். காலையில வேலைக்குப் போன ஆள் ராத்திரி பொணம்.

16/ ஆனா காலராவைத் தடுக்க என்ன வேணும்? தண்ணியைக் காய்ச்சணும். கக்கூஸை ஆத்துக்கும் சமையலுக்கும் தள்ளி வெட்டணும். சாப்பாட்டுல ஈ உட்காராம மூடணும். ஒரு அண்டா, கொஞ்சம் விறகு, அதைச் செய்ய நாலு ஆள், நேரம். அவ்வளவுதான். அந்த நாலு ஆளையும் மண்ணு சுமக்க விரட்டினவன் யாரு? கிருமியா?

17/ கைதிகள் முகாம்ல என்ன நடந்ததுன்னு பாருங்க. அவங்களோட சொந்த ராணுவ டாக்டர்களும் பிடிபட்டு வந்திருந்தாங்க. ஹிந்தோக் முகாம்ல ஆஸ்திரேலிய சர்ஜன் எட்வர்ட் டன்லப் ஆட்கள் மூங்கில் குழாயில சலைன் ஏத்தினாங்க. சுங்காய் முகாம்ல கனடா நாட்டு சர்ஜன் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ், ரத்தம் உறையாம இருக்க அதைக் கடைஞ்சு, துணியில வடிகட்டி ஏத்தினார். புண் அழுகின கால்களை எடுத்து உயிரைக் காப்பாத்தினார். படிக்கும்போது கை கூப்பத் தோணும்.

18/ நம்மாளுங்க முகாம்ல? டாக்டர் கிடையாது. ‘தண்ணி காய்ச்சாம குடிக்காதே’ன்னு உத்தரவு போட அதிகாரி கிடையாது. பல இடத்துல பொண்டாட்டி பிள்ளைங்களோட வந்திருந்தாங்க. ‘ஆஸ்பத்திரி’ன்னா ஒழுகற கொட்டகை, வேலைக்கு லாயக்கில்லாதவங்களைப் போட்டு வைக்கற இடம். மூச்சு இருக்கும்போதே குழியில தள்ளினதைப் பார்த்தோம்னு தப்பி வந்தவங்க வாக்குமூலம் கொடுத்திருக்காங்க.

19/ “அப்ப, ஒழுங்கும் சுத்தமும் இல்லாததாலதானே செத்தாங்க?”ன்னு ஒரு குரல் கேக்கும். அதுக்கும் பதில் இருக்கு. 1943 ஏப்ரல்ல சிங்கப்பூர்ல இருந்து ‘எஃப் ஃபோர்ஸ்’னு 7,000 கைதிகளை அனுப்பினாங்க. ஒழுங்கான ராணுவம், அதிகாரிகள், டாக்டர்கள், எல்லாம் இருந்தது. 300 கி.மீ. நடக்க வெச்சு, காலரா முகாம்ல தங்க வெச்சு, பட்டினி போட்டு வேலை வாங்கினாங்க. ஒரு வருஷத்துக்குள்ள 3,000 பேருக்கு மேல காலி. நம்மாளுக்குக் கொடுத்ததைக் கொடுத்தா வெள்ளைக்காரனும் நம்மாளு மாதிரிதான் சாவான். குறை ஜனத்துல இல்ல.

20/ ஜப்பான்காரனுக்கே கடைசியில பயம் வந்தது. 1943 ஜூன்லயும் ஆகஸ்ட்லயும் சாங்கி சிறைமுகாம்ல இருந்து ‘கே ஃபோர்ஸ்’, ‘எல் ஃபோர்ஸ்’னு மருத்துவக் குழுக்களை ஆசியத் தொழிலாளிகள் முகாம்களுக்கு அனுப்பினாங்க. ரெண்டும் சேர்த்து 345 பேர். ரெண்டு லட்சம் பேருக்கு! அதுவும் காலரா பாதி வேலையை முடிச்ச பிறகு.

21/ முகாம்ல காலரா வந்தா சாவுதான் விதியா? 1971-ல வங்கதேச அகதிகள் முகாம். பங்கான்ல டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை டிரம்ல கரைச்சு, சொந்தக்காரங்களையே குடிக்க வைக்கச் சொன்னார். 30 சதவீதம் வரைக்கும் போன சாவு 4 சதவீதத்துக்குள்ள இறங்கிடுச்சு. 1943-ல அந்தக் கரைசல் கிடையாது, ஒத்துக்கறேன். ஆனா காய்ச்சின தண்ணி இருந்தது. ஓய்வுன்னு ஒண்ணு இருந்தது. ரெண்டுக்கும் காசு வேணாம், மனசு போதும்.

22/ ஜப்பானை மட்டும் திட்டிட்டு முடிச்சா அது பாதி நியாயம். இவங்களைக் கப்பல் ஏத்தினது யாரு? ஆவடி, நாகப்பட்டினம் முகாம்ல கங்காணி தலைகளை எண்ணினான், டாக்டர் அம்மை குத்தினார், மெட்ராஸ்லயும் நாகையிலயும் ராஜுலா மாதிரி கப்பல்ல ஏத்தினாங்க, பினாங்குல திரும்ப எண்ணினாங்க. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் பினாங்கை நெருங்கினதும் வெள்ளைக்காரங்களை மட்டும் ராத்திரியோட ராத்திரியா வெளியேத்திட்டு, மத்தவங்களை அப்படியே விட்டுட்டுப் போனது பிரிட்டிஷ் அரசு. ஏத்தும்போது எண்ணத் தெரிஞ்சவனுக்குச் செத்தப்போ எண்ணத் தெரியல.

23/ இங்க நம்மாளுங்க சில பேருக்குக் கோபம் வரும், வரட்டும். 1943 ஜூலையில நேதாஜி சிங்கப்பூர் வந்தார். தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்குல இந்திய தேசிய ராணுவத்துல சேர்ந்தாங்க, பெண்கள் ஜான்சி ராணிப் படையில சேர்ந்தாங்க. அவங்க தியாகத்துல ஒரு சொட்டுகூட நான் குறைக்க மாட்டேன். ஆனா அதே மாசம், அதே ஜப்பான், அதே தோட்டத்து ஆட்களைக் காட்டுல சாகடிச்சுட்டிருந்தது. முதல் கதைக்குச் சிலை வைக்கறோம். ரெண்டாவது கதையை ஏன் வாய்க்குள்ளயே முழுங்கறோம்?

24/ போர் முடிஞ்சதும் கைதிகளோட எலும்பைத் தேடி எடுத்து, பேர் போட்டு, புல்வெளி வெச்சுப் புதைச்சாங்க. காஞ்சனபுரியில ஏறக்குறைய 7,000 கல்லறை, சுங்காய்ல 1,700-க்கு மேல, தான்பியூசயாட்ல 3,700-க்கு மேல. நல்ல காரியம், மரியாதையா செஞ்சாங்க. நம்மாளுங்க? 1990-ல காஞ்சனபுரி பக்கத்துல ஒரு கரும்புத் தோட்டத்துல தோண்டும்போது நூத்துக்கணக்குல எலும்புக்கூடு வந்துச்சு. ஆசியத் தொழிலாளிகளா இருக்கணும்னாங்க. பேர்? ஒருத்தருக்கும் இல்ல.

25/ 1957-ல ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படம் வந்தது. ஏழு ஆஸ்கர். எடுத்தது இலங்கையில கிதுல்கல ஆத்துல. மலையகத் தமிழர்கள் தேயிலை பறிக்கற மலைக்குக் கீழ எடுத்த படத்துல, அந்தப் பாதைக்காகச் செத்த தமிழனோட கதை இல்ல. காஞ்சனபுரியில 1944-லேயே ஒரு நினைவுத்தூண்ல தமிழ்ல கல்வெட்டு வெச்சவன் யாரு தெரியுமா? கொன்ன அதே ஜப்பான் ராணுவம்.

26/ நஷ்டஈடு? 1967-ல ஜப்பான் மலேசியாவோட ஒப்பந்தம் போட்டது. போர்க்காலக் கொடுமைகளுக்குக் கணக்குத் தீர்க்கன்னு 25 மில்லியன் மலேசிய வெள்ளி. அது ரெண்டு சரக்குக் கப்பலா வந்து சேர்ந்தது. விம்கோ நகர் ஆயாவோட அம்மாவுக்கு ஒரு மணியார்டர் வரல.

27/ நம்ம பக்கத்துலயும் சிலர் சும்மா இல்ல. மலேசியாவுல ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’னு நாவல் எழுதினார். அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். தப்பிப் பிழைச்ச முதியவங்களைத் தேடிப்போய் ஆவணப்படம் எடுத்தாங்க. 2023-ல காஞ்சனபுரியில தமிழர்களுக்குன்னு ஒரு நடுகல்லும் வந்தது. சந்தோஷம். ஆனா கல்லுல பேர் இல்ல. பேர் இல்லாத நடுகல் பாதி நடுகல்தான்.

28/ “80 வருஷத்துக்கு முந்தின கதை, இப்ப எதுக்கு?” எண்ணூர்–மணலி பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்கு வர்ற வெளிமாநிலப் பையன் ஒருத்தனை ஒருநாள் ராத்திரி தூக்கிட்டு வந்தாங்க. மயக்கம். “பேர் என்ன?”ன்னு கேட்டேன். கூட வந்த சூப்பர்வைசர் போனை எடுத்து யாருக்கோ அடிச்சு, “நம்ம அஞ்சாம் நம்பர் ஆளு பேரு என்னா?”ன்னு கேட்டார். பையன் பிழைச்சுட்டான். செத்திருந்தா? பேர் எழுதாம வேலை வாங்கற இடத்துல சாவும் பேர் இல்லாமத்தான் நடக்கும். அதுக்குத்தான் இந்தக் கதை.

29/ கடைசியா, சொன்ன மாதிரி சான்றிதழுக்கு வரேன். நாங்க எழுதற படிவம் 4-ல சாவுக்குக் காரணம் ஒரே வரி கிடையாது. உடனடிக் காரணம், அது எதனால வந்தது, அதுக்கும் அடியில என்ன, படிப்படியா எழுதணும். ‘இதயம் நின்னுடுச்சு’ன்னு மட்டும் எழுதற ஜூனியரைத் திட்டுவோம். எல்லாருக்கும் கடைசியில இதயம் நிக்கத்தான் செய்யும், ஏன் நின்னுதுன்னு எழுதுப்பான்னு சொல்லுவோம். ‘காலராவுல செத்தாங்க’ன்னு நிறுத்தறவங்களும் அந்த ஜூனியர் மாதிரிதான்.

30/ ஆயாவோட நைனாவுக்கு நான் எழுதினா இப்படித்தான் எழுதுவேன்.
உடனடிக் காரணம்: உடம்புல நீர் வற்றினது.
அதுக்குக் காரணம்: காலரா.
அடிப்படைக் காரணம்: கட்டாய வேலை, பட்டினி, காய்ச்சின தண்ணியும் மருந்தும் கொடுக்காதது.
கீழ இன்னொரு கேள்வி இருக்கும்: சாவு எந்த வகை? இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை. ‘இயற்கை’யில டிக் போட என் பேனா நகராது. ‘கொலை’ன்னு இருக்கற கட்டத்துலதான் போடுவேன்.

31/ ஒரு வித்தியாசத்தையும் ஒத்துக்கறேன். மரண முகாம்னா நமக்கு ஆஷ்விட்ஸ் ஞாபகம் வரும். அங்க கொல்றதே நோக்கம். இங்க நோக்கம் ரயில், ஆள் செத்தா இன்னொரு ஆள். ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல. ஆனா அவங்ககிட்ட கத்துக்க ஒண்ணு இருக்கு. கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்கள்ல 45 லட்சத்துக்கும் மேல பேரை ஒவ்வொண்ணா தேடிச் சேர்த்திருக்கு ஜெருசலேம்ல இருக்கற யாத் வஷேம். வீடு வீடா கேட்டு, பழைய காகிதத்தைக் கிளறி. நம்மால முக்கால் லட்சம் பேரைத் தேட முடியாதா?

32/ கேக்கறது மூணுதான். ஒண்ணு, பள்ளிப் பாடத்துல இரண்டாம் உலகப்போர் வர்ற இடத்துல இந்தப் பாதைக்கு ஒரு பக்கம். ரெண்டு, எழும்பூர் ஆவணக் காப்பகத்துல பழைய மதராஸ் அரசோட குடியேற்றக் கோப்புகளை யாராவது உட்கார்ந்து பேருக்காகத் தேடணும், அரசு அதுக்கு ஆளும் காசும் ஒதுக்கணும். மூணு, உங்க வீட்டுப் பெரியவங்களை இன்னிக்கே கேளுங்க: “மலேயா போய் வராதவங்க நம்ம குடும்பத்துல யாராவது உண்டா?” பேர், ஊர், தோட்டத்துப் பேர். நோட்டுல எழுதி வைங்க. பழைய கடுதாசி, மணியார்டர் ரசீது இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க.

33/ அன்னிக்கு ஆயாகிட்ட கடைசியா ஒண்ணு கேட்டேன்: “நைனா பேரு என்ன ஆயா?” கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. “இத்தினி வருசத்துல யாரும் கேட்டதில்ல கண்ணு”ன்னுட்டு பேரைச் சொன்னாங்க. கேஸ் ஷீட்ல காலியா விட்டிருந்த இடத்துல அதை எழுதிட்டேன். இங்க எழுத மாட்டேன், அது அவங்க வீட்டுச் சொத்து.

உங்க வீட்டுப் பேரைக் கேட்டு எழுதுங்க. இழை முடிஞ்சது.